பட்ட துயரும் எழுதும் கதையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"என்ர வாழ்க்கையை அப்பிடியே எழுதினாலே அது பெரியதொரு நாவல்." யாழ்ப்பாணத்தில் எழுத வருகின்ற இளைஞர்கள் பலர் என்னிடம் சொன்ன வாக்கியம் இது. இளைஞர்கள் மாத்திரமல்ல, பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருந்த வயோதிபரும் சொல்லியிருக்கிறார். பென்சன் எடுக்க வரிசையில் நின்ற ஆசிரியை ஒருவரும் சொல்லியிருக்கிறார். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. இந்தக் குடாநாட்டில் ஏதாவது ஒரு வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய், "என்ன நடந்தது?" என்று கேட்டால், விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆனால் துயரம் இவ்வளவு மலிந்த மண்ணில், மனதில் நிற்கின்ற கதைகள் ஏன் விரல்விட்டு எண்ணக்கூடியனவாக இருக்கின்றன? பட்ட துயரத்துக்கும் எழுதிய கதைக்கும் இடையில் என்ன நடக்க வேண்டும்? இன்றைய உரையில் இதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க விரும்புகிறேன். அறிஞன் என்ற முறையில் அல்ல, இதே விடயத்தில் பெரிய பிழை விட்ட ஒருவன் என்ற முறையில்.

முதலில் எங்கள் முன்னோடிகள் இருவரை நினைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்றொரு கடை இருந்தது. அங்கே முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்தவர் டொமினிக் ஜீவா. சாதியின் பெயரால் சிறு வயது முதலே அவமானத்தை அனுபவித்தவர். நீண்ட பள்ளிப் படிப்பும் அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து, இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். வீதி வீதியாகத் தாமே கொண்டுபோய் விற்றார். 2021இல் கொழும்பில் காலமானார்.

அவரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பது ஒரு விடயம். தாம் பட்ட அவமானத்தைத் தம்முடையதாகவே, தமது பெயரிலேயே, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற சுயசரிதையாக அவர் எழுதியது முதுமையில்தான். அதற்கு முன் ஏறத்தாழ நாற்பது வருடங்கள், அதே வலியை மற்றவர்களின் கதையாகத்தான் எழுதினார். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகின்ற எத்தனையோ மனிதர்களை அந்தக் கதைகளுக்குள் கூட்டிவந்தார். தன் காயம் அவருக்கு மற்றவர்களின் காயத்தைப் பார்க்கின்ற கண்ணாக இருந்தது.

மற்றவர் கே. டானியல். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் புறப்பட்ட சாதி எதிர்ப்பு ஊர்வலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின் தேநீர்க் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் நடந்த போராட்டங்களில் முன்னின்று உழைத்தவர்களில் டானியலும் ஒருவர். அந்த அனுபவத்திலிருந்துதான் 1972இல் 'பஞ்சமர்' நாவல் வந்தது. அதிலே பேசுவது டானியல் என்ற தனிமனிதரின் புண்பட்ட மனம் அல்ல, ஊர் பேசுகிறது. கிணற்றடியும் தோட்டமும் கள்ளுக்கொட்டிலும் பேசுகின்றன. அவர் 1986இல் தஞ்சாவூரில் மறைந்தார். அவர் பார்த்த யாழ்ப்பாணத்தை அவருடைய நாவல்களைத் தவிர்த்துவிட்டு யாராலும் எழுத முடியாது.

இவர்களையெல்லாம் படித்தவன்தான் நானும். படித்தும் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தவர்களுக்கு அந்தத் திகதியை விளக்க வேண்டியதில்லை. பின்னேரம் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது, உடனே வெளியேறுங்கள் என்று. எங்கள் ஊர் வலிகாமம் கிழக்கில். வீட்டில் நான், அம்மா, அம்மாவின் தாயார். அவவை நாங்கள் ஆச்சி என்போம். எண்பது வயதைத் தாண்டியவ, நடக்கமாட்டா. அடுத்த வளவில் மாமாவின் குடும்பம். மாமாவிடம் ஒரு லான்ட்மாஸ்ரர் இருந்தது. அதன் பெட்டியில் மாமி, பிள்ளைகள், நெல்மூட்டை, மாமியின் தையல் மெஷின், எல்லாம் ஏற்றியாயிற்று.

ஆச்சி திண்ணையில் இருந்தபடியே சொன்னா: "எனக்கென்ன மோனை, ஆமி வந்து இந்தக் கிழவியைச் சுட்டு என்ன காணப்போறான்? நீங்கள் முதல் போங்கோ. நாளைக்கு வந்து என்னை ஏத்து."

நாங்கள் போனோம். மழை. செம்மணி வெளியில் இலட்சக்கணக்கான சனம் ஓரடி வைக்க அரை மணித்தியாலம் நின்றது. குழந்தைகளுக்குக் குடிக்கக் குடையில் மழைநீரை ஏந்தினார்கள். விடிந்து வெகு நேரத்துக்குப் பிறகுதான் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு கொடிகாமத்தில் ஒரு வளவில், மாமரத்தின் கீழ், கிடுகால் மறைத்த கொட்டில். ஆறு மாதம் அப்படிப் போனது. 1996இல் சனத்தோடு சனமாகத் திரும்பி வந்தபோது ஆச்சி இல்லை. வளவின் தென்மூலையில், பலாவின் கீழ், ஒரு மண்மேடு மாத்திரம் இருந்தது.

1998இல் இதை நான் கதையாக எழுதினேன். ஒரு சஞ்சிகையில் வந்தது. கதையின் சுருக்கம் இதுதான். ஒரு பேரன், அவனுடைய பாட்டி. லான்ட்மாஸ்ரரில் தாய்க்கு இடமில்லை என்று சொல்லித் தையல் மெஷினையும் நெல்லையும் ஏற்றுகின்ற கல்நெஞ்சு மாமன். பாட்டியைக் கூட்டிவரத் திரும்பிப் போகின்ற பேரனைப் பாலத்தடியில் மறித்துவிடுகிறார்கள். அவன் பாலத்தில் நின்று அழுகிறான். கதை முடிகிறது.

பலரும் பாராட்டினார்கள். "வாசிச்சு அழுதனான்" என்று கடிதங்கள் வந்தன. அவ்வாண்டின் நல்ல கதைகளில் ஒன்று என்று விமர்சகர் ஒருவர் எழுதினார். பெயர்களை மாற்றியிருந்தேன். ஊரின் பெயரையும் போடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் லான்ட்மாஸ்ரரும் தையல் மெஷினும் வைத்திருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம் என்பது கிராமத்தில் செல்லாது.

மாமாவும் வாசித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்போலவே வந்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். 2001இல் அவர் இறந்தார். அந்தியேட்டி முடிந்து, வந்த சனம் போன பிறகு, மாமி குசினிக்குள் பாத்திரங்களை அடுக்கியபடி, திரும்பிப் பாராமலே சொன்னா:

"தம்பி, நீர் எழுதின கதையை அவர் மூண்டு தரம் வாசிச்சவர். ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. அண்டைக்கு உம்மடை சைக்கிள் கரியரில என்ன இருந்தது எண்டதை மட்டும் ஏன் எழுதேல்லை?"

நேயர்களே, என் சைக்கிள் கரியரில் இருந்தது ஒரு தகரப் பெட்டி. பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தேன். பெட்டிக்குள் பத்து வருட மல்லிகை இதழ்கள், சில புத்தகங்கள், நான் எழுதிக்கொண்டிருந்த, இன்றுவரை முடிக்காத ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி. அன்றிரவு எத்தனையோ பேர் தாயையும் தகப்பனையும் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் கண்டேன். அவர்களுக்குப் பக்கத்தில் நான் இலக்கியத்தை உருட்டிக்கொண்டு போனேன்.

இதோடு முடியவில்லை. பாலத்தடியில் என்னை யாரும் மறிக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவரோடு ஆச்சியைக் கூட்டிவரப் புறப்பட்டேன். வழியில் ஷெல் விழுகின்ற சத்தம் கேட்டது. நான் சைக்கிளைத் திருப்பினேன். அவர் திருப்பவில்லை. அடுத்த நாள் தன்னுடைய ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஆச்சி திண்ணையில இருந்தவ. கஞ்சி காய்ச்சிக் குடிச்சவவாம். நீ எப்ப வருவாய் எண்டு கேட்டவ. இனிப் போகேலாது, ஆமி கிட்ட வந்திட்டான்" என்றார்.

என் கதையில் இந்த மனிதரும் இல்லை. அவருடைய ஆடும் இல்லை.

மாமியின் கேள்விக்குப் பிறகு நெடுநாள் நான் எதையும் எழுதவில்லை. கோபம்கூட வந்தது. கதை என்றால் கற்பனையும் கலந்ததுதானே, நடந்ததையெல்லாம் அப்படியே எழுத அது பொலிஸ் முறைப்பாடா என்று எனக்குள்ளே வாதாடினேன். அந்த வாதம் பிழையில்லை. கதையில் எதையும் மாற்றலாம். ஆனால் நான் எதை மாற்றினேன் என்று கணக்குப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. தகரப் பெட்டியை எடுத்தேன். பாலத்தில் மறிப்பை வைத்தேன். மாமாவின் வாயில் அவர் சொல்லாத வார்த்தையை வைத்தேன். மூன்று மாற்றங்களும் ஒரே ஆளுக்குத்தான் உதவின. நான் என் கற்பனை முழுவதையும் என்னைக் காப்பாற்றவே செலவழித்திருந்தேன்.

அந்தத் தையல் மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடிகாமத்தில் ஆறு மாதமும் மாமி அதை மாமரத்தின் கீழ் வைத்து, இடம்பெயர்ந்த சனத்துக்குச் சட்டை தைத்தா. அந்தக் காசில்தான் நானும் சோறு தின்றேன். என் கதையில் அது கல்நெஞ்சின் அடையாளம்!

தன் சொந்தத் துயரத்தை எழுதுகிறவனுக்கு இருக்கின்ற முதல் ஆபத்து இதுதான். துன்பப்பட்டவன் நான், ஆகவே நான் சொல்வது உண்மை என்று அவன் நம்பிவிடுகிறான். வாசகனும் இரங்கி, கேள்வி கேளாமல் விட்டுவிடுகிறான்.

எங்கள் மக்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்பட ஒரு காரணமும் இருக்கிறது. நாங்கள் எங்கள் துயரத்தை அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லியே பழகியவர்கள். நிவாரணத்துக்கு விண்ணப்பம், காணாமற்போனவர் பற்றி விண்ணப்பம், வெளிநாட்டில் அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பம். விண்ணப்பத்தில் சொல்பவன் எந்தக் குற்றமும் அற்றவனாக இருந்தாக வேண்டும். ஒரு தடுமாற்றம், ஒரு முரண்பாடு இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்சுக்குப் போன ஷோபாசக்தி, 2001இல் வெளிவந்த தமது 'கொரில்லா' நாவலை ஓர் அகதி விண்ணப்பத்தோடுதான் தொடங்கினார். விண்ணப்பம் முடிந்த பிறகு கதை தொடங்குகிறது. படிவத்துக்குள் அடங்கிய மனிதன் வேறு, அதற்குள் அடங்காமல் வழிகின்ற மனிதன் வேறு என்பது அப்போது எங்களுக்குத் தெரிய வருகிறது. நான் 1998இல் எழுதியதோ, இப்போது பார்த்தால், வெறும் விண்ணப்பம். வாசகரிடம் இரக்கம் கோரி எழுதிய விண்ணப்பம்.

இதற்கும் முன்னோடியான நாவல் ஒன்று உண்டு. 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரில் வந்த 'புதியதோர் உலகம்'. ஓர் இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதைகளையும் கொலைகளையும் அந்த இயக்கத்திலிருந்து வெளியேறியவரே எழுதிய நாவல் அது. வெளியே நின்று விரல் நீட்டுகின்ற குரல் அதில் இல்லை. நம்பி உள்ளே போனவன், அந்த நம்பிக்கையால் தானும் எதற்குத் துணைபோனேன் என்று கேட்கின்ற குரல்தான் இருக்கிறது. அதனால்தான் இயக்கங்களின் காலம் முடிந்த பின்னரும் அது படிக்கப்படுகிறது. அந்த எழுத்தாளரை 1991இல் விடுதலைப் புலிகள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

எழுதுவதால் மனம் ஆறும் என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்பீர்கள். உண்மைதான். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் சிலரை, தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தைப் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதச் சொன்னார். எழுத்து நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். அதைப் பற்றி எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் நோயென்று வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. ஆகவே எழுதுங்கள். அழுது எழுதுங்கள், திட்டி எழுதுங்கள். ஆனால் அந்தத் தாள் உங்களுக்கானது, பெட்டிக்குள் இருக்கட்டும். வாசகருக்கான கதை அடுத்த தாளில் தொடங்குகிறது. முதல் தாளில் உங்கள் மனம் ஆறினால் போதும். இரண்டாவது தாளில் மற்றவர்களுக்கும் நியாயம் கிடைக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு நியாயம் என்று நான் சொல்வது, அவர்களை நல்லவர்களாகக் காட்டுவதை அல்ல. அவர்கள் நின்ற இடத்தில் நின்று ஒருமுறை பார்ப்பதை. ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' தொகுதியில் 'கோசலை' என்றொரு கதை உண்டு. தொகுதி 1989இல் வந்தது. பிள்ளைகள் துப்பாக்கியோடு போன காலத்தை அவர் துப்பாக்கியின் பக்கத்தில் நின்று எழுதவில்லை, வீட்டில் இருந்த தாயின் பக்கத்தில் நின்று எழுதினார். அந்தத் தாய் எங்கள் ஒவ்வொருவருடைய தாயும் ஆகிவிட்டா.

ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளில் அவருடைய பெயரை அறியாதவர் இல்லை. கார்க்கி என்ற புனைபெயருக்குக் கசப்பு என்று பொருள். அடியும் வசவும் நிறைந்த தன் குழந்தைப் பருவத்தைத்தான் அவர் எழுதினார். ஆனால் அந்த நூலை மூடியபின் எங்களோடு வருகிறவர் அந்தக் கசந்த பையன் அல்ல, கதைசொல்லும் அவனுடைய பாட்டி. தன் துயரத்தின் நடுவில் இன்னொருவருக்கு இவ்வளவு பெரிய இடத்தை அவரால் விட முடிந்தது.

இப்படியெல்லாம் யோசித்துத்தான் 2004இல் அந்தக் கதையை நான் மறுபடி எழுதினேன். தகரப் பெட்டியைக் கரியரில் வைத்தேன். ஷெல் சத்தத்தில் திரும்பியதை எழுதினேன். ஆட்டுக்காரரை எழுதினேன். எழுதி முடித்ததும் ஆசிரியருக்கு அனுப்பவில்லை, மாமியிடம் கொண்டுபோனேன். "மாமி, இதை நீங்கள் வாசிச்சு, வேண்டாம் எண்டால் கிழிச்சுப் போடுவன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தா. "மெஷின் சிங்கர் இல்லைத் தம்பி, உஷா. அதை மாத்தும்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. மன்னிப்பா, சம்மதமா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கதையில் வருகின்ற உயிருள்ள மனிதர்களை நினைத்து எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் எங்கள் ஊரில் எந்த உண்மையையும் எழுத முடியாது. ஆனால் அவர்கள் உங்கள் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்ல முடியுமா என்று மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிக்குமுன், அந்த மண்மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதற் கதையில் நான் அதையும் எழுதவில்லை. எழுதினால் என் கோபத்துக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும். ஏனென்றால் ஆச்சியை யாரோ அடக்கம் செய்திருக்கிறார்கள். மேட்டின் தலைமாட்டில் அவவின் பாக்குரல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வழக்கம் தகனம். ஆகவே விறகு தேட நேரமில்லாத ஒருவர், அல்லது எங்கள் வழக்கம் தெரியாத ஒருவர். ஊரைவிட்டுப் போகாமல் தங்கிய கிழவர் ஒருவரா? ஒரு போராளியா? ஓர் ஆமிக்காரனா? இந்த முப்பது வருடமாக விசாரித்தும் தெரியவில்லை.

என்னைக் காப்பாற்ற நான் செலவழித்த கற்பனையை அந்த மனிதருக்குச் செலவழிக்கப் பார்த்தேன். இரண்டாவது கதை அவரோடுதான் முடிகிறது. யாரென்று சொல்லவில்லை. குழியை மூடிவிட்டு, மண்வெட்டியைச் சாத்திவிட்டு, தலைமாட்டில் வைக்க ஏதாவது கிடைக்குமா என்று அவர் எங்கள் வீட்டுக்குள் போகிறார். திண்ணையைக் கடக்கும்போது பாக்குரல் காலில் தட்டுகிறது.

நான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்த அந்த மனிதருக்கு என்னால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பக்கம்தான்.